பெடல் சுற்றிக் கேட்ட பாட்டு

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில் படும்படி நிறுத்த வேண்டும். பின்சில்லோடு டைனமோவை முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டைனமோவிலிருந்து போகும் வயரின் மறுமுனையில் ஹெட்லைற் இல்லை. ஒரு கசெற் றெக்கோடர் இருக்கும். 1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் ஒலிச்சாதனங்களை நேசிப்பது என்றால் என்ன என்று எவராவது என்னைக் கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்தக் கவிழ்த்த சைக்கிளைத்தான்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டின் மின்சாரம் நின்றுபோனது. தொடர்ந்து வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோல், சீமெந்து, உரம் ஆகியவற்றோடு ரோச்லைற் பற்றறியும் தடைப்பட்டியலில் ஏறியது. வீட்டில் கிடந்த பற்றறிகள் தீரத் தீர, சனம் அவற்றை எறியவில்லை. வெயிலில் காயவைத்தார்கள். அடியில் ஆணியால் துளைபோட்டு உப்புத்தண்ணீர் விட்டார்கள். உள்ளே வறண்ட பசை ஈரமாகி இன்னும் கொஞ்ச நேரம் உயிர் கொடுக்கும். நாலு பற்றறி போடவேண்டிய இடத்துக்கு எட்டுப் பழையதை வரிசையாகச் சேர்த்து, சைக்கிள் ரியூப் துண்டால் இறுக்கிக் கட்டினார்கள். அந்தச் சக்தி முதலில் செய்திக்கே போனது. பிபிசி தமிழோசை, மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ், 1990 நவம்பரில் தொடங்கிய புலிகளின் குரல் என்று இரவு நேரம் பங்கிடப்பட்டிருந்தது. பாட்டுக்கென்று பற்றறியைச் செலவழிக்க எந்த வீட்டிலும் மனம் வராது. பாட்டுக்கு டைனமோதான்.

டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற். நாலு பெரிய பற்றறியில் ஓடும் ஒரு றெக்கோடருக்கு இது கணக்காகத்தான் இருக்கிறது. ஆனால் டைனமோவில் பிறப்பது ஆடலோட்டம். றெக்கோடர் கேட்பது நேரோட்டம். நேரே கொடுத்தால் பாட்டுக்கு மேலே ஒரு உறுமல் கேட்கும், பெட்டியும் பழுதாகும். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்துக்கொண்டிருந்த பொடியன்களுக்கு இதற்கு விடை பாடப்புத்தகத்திலேயே இருந்தது. பழுதான வானொலிகளைக் கழற்றி எடுத்த நாலு டயோட்டைப் பாலச் சுற்றாக இணைத்து, உறுமலை அடக்க ஒரு கொள்ளளவியையும் சேர்த்தால் வேலை முடிந்தது. ஈயம் பற்றவைக்க மின்சாரம் ஏது? இரும்புக் கம்பியை அடுப்பு நெருப்பில் பழுக்கக் காய்ச்சித்தான் பற்றவைத்தார்கள்.

பிறகு இருந்தது கையின் வித்தை. கசெற்றின் நாடா நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓட வேண்டும். 1963 இல் பிலிப்ஸ் நிறுவனம் கசெற்றை அறிமுகப்படுத்திய நாளிலிருந்து உலகெங்கும் இதே வேகம்தான். சுற்றுகிறவர் தளர்ந்தால் மோட்டர் தளரும். குரல் தடித்து இழுபடும். திடீரென்று வேகம் ஏற்றினால் குரல் பதறி எழும்பும். ஒரே சீராகச் சுற்றத் தெரிந்த கைக்கு ஒழுங்கையில் மதிப்பு இருந்தது. அறுபது நிமிடக் கசெற்றில் ஒரு பக்கம் முடியும் வரை ஒருவர், மறுபக்கத்துக்கு இன்னொருவர். 1992 இல் ‘ரோஜா’ வெளிவந்து ஏ. ஆர். ரகுமானின் ஒலி தமிழ்நாட்டையே புரட்டிப்போட்ட காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு குமிழ்கூட எரியவில்லை. அந்தப் பாட்டுகளின் அடித்தாளத்தை நாங்கள் பின்சில்லின் கீச்சொலியோடு சேர்த்தே கேட்டோம். வெளிநாடுகளில் ஒலிச்சாதனப் பிரியர்கள் மின்சாரம் சுத்தமாக வரவேண்டும் என்பதற்காகவே தனிப் பெட்டிகளும் தடித்த வயர்களும் வாங்குகிறார்கள். சுத்தமான மின்சாரம் பாட்டுக்கு என்ன செய்யும் என்பதைத் தோள்மூட்டில் உணர்ந்தவர்கள் எங்கள் ஆட்கள்.

இந்தப் பசி 1990 இல் பிறந்ததல்ல. யாழ்ப்பாணத்துக் காது அதற்கு முன்பே பல பத்தாண்டுகள் பயிற்சி பெற்றிருந்தது. பயிற்றியது இலங்கை வானொலி.

கொழும்பில் 1925 டிசம்பரில் ஒலிபரப்பு தொடங்கியது. 1950 இல் வர்த்தக சேவை வந்தது. இந்தியாவில் 1952 முதல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் குறைத்தார். அந்த வெற்றிடத்தைக் கொழும்பு நிரப்பியது. இந்தியில் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ போலத் தமிழில் எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் கடல் கடந்து போனது. பின்னர் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று ஒரு பரம்பரையே வந்தது. அவர்கள் பாட்டை மட்டும் போடவில்லை. படம் எது, எழுதியவர் யார், இசை யாருடையது, பாடியவர் யார் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் சொல்லிவிட்டே போட்டார்கள். அதைக் கேட்டு வளர்ந்த ஒரு மீன்காரரோ தபாற்காரரோ முதல் வாத்திய இசையைக் கேட்டதும் விஸ்வநாதன்–ராமமூர்த்தியா, கே. வி. மகாதேவனா என்று சொல்லிவிடுவார்.

நேயர்களும் சும்மா இருக்கவில்லை. ‘நீங்கள் கேட்டவை’க்குத் தபாலட்டை எழுதினார்கள். பெயரோடு ஊரும் வாசிக்கப்படும். தன் ஊர்ப் பெயர் காற்றில் வந்துவிட்டால் அன்றைக்கு அந்தத் தெருவே நிமிர்ந்து நடக்கும். ‘இசையும் கதையும்’ இன்னும் ஒரு படி மேலே போனது. நேயர் ஒருவர் ஒரு கதை எழுதுவார். கதையின் திருப்பங்களுக்கு எந்தப் பாட்டு வரவேண்டும் என்பதையும் அவரே தேர்ந்து எழுதுவார். ஒரு மனநிலைக்கு ஒரு பாட்டைத் தெரிந்தெடுத்து, முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோருக்கு ‘இதைக் கேட்டுப் பாருங்கள்’ என்று கொடுப்பதை விட இசைப் பரிந்துரை வேறென்ன இருக்கிறது? என் கணிப்பில் தமிழில் அதைவிடச் சிறந்த பரிந்துரை முறை அதற்குப் பிறகு வரவில்லை. இன்று கைபேசி தானாகவே அடுத்த பாட்டை நீட்டுகிறது. ஏன் இந்தப் பாட்டு என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

1977 இல் இறக்குமதிக் கதவு திறந்தது. ஜப்பானிய றெக்கோடர்கள் கடைகளுக்கு வந்தன. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பொடியன்கள் திரும்பும்போது இரட்டைக் கசெற் போடும் பெட்டிகளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள். யாழ் நகரில் றெக்கோடிங் பார்கள் பெருகின. வெறும் கசெற் ஒன்றும் பாட்டுப் பட்டியல் ஒன்றும் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர்கள் தங்களிடமுள்ள இசைத்தட்டிலிருந்து பதிந்து தருவார்கள்.

அந்தப் பட்டியல் எழுதும் வேலைதான் அந்தக் காலத்தின் பெரிய கலை. ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். பாட்டு ஒன்று நாலு நிமிடம் என்றால் ஏழு பாட்டு. மிஞ்சும் இரண்டு நிமிடத்துக்கு என்ன செய்வது? பாட்டு நடுவில் அறுந்தால் அவமானம். ஆகவே நாலரை நிமிடப் பாட்டு எது, மூன்றே கால் எது என்று தலைக்குள் கணக்கு ஓடும். சோகப்பாட்டுக்குப் பின் உடனே துள்ளல் பாட்டு வரக்கூடாது. சுசீலாவுக்குப் பிறகு ஜானகி வரலாம். ஆனால் நடுவில் ஒரு ஆண்குரல் இருந்தால் நல்லது. எழுதி முடித்த பட்டியலை நண்பன் ஒருவனிடம் காட்டினால், அவன் ஒரு பாட்டை வெட்டிவிட்டு இன்னொன்றை எழுதுவான். அதற்கு ஒரு மாலை முழுவதும் வாக்குவாதம் நடக்கும். இளையராஜா 1986 இல் ‘ஹவ் டு நேம் இட்’ வெளியிட்டபோது பாடலே இல்லாத அந்தக் கசெற்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதைக் கேட்கத்தான் வேண்டுமா என்று தயங்கியவர்களுக்கு நண்பர்கள்தான் அதைத் திணித்தார்கள். திணிப்பது நல்ல நண்பனின் கடமை.

யாழ் நகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில், கடல்நீரேரியை ஒட்டி இருக்கிறது கொழும்புத்துறை. எதிர்க்கரையில் பூநகரி. இறங்குதுறைப் பக்கம் நின்றால் காற்று முகத்தில் அடிக்கும், உதட்டில் உப்புப் படியும். அந்தக் காற்று ஒலிச்சாதனங்களுக்குப் பகை. பித்தளைத் தொடுப்புகள் பச்சை பிடிக்கும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருப்பினால் கரகரக்கும். ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பு ஈரம் குடித்துத் தொய்யும். இங்கே ஒரு பெட்டி இருபது வருடம் பாடியது என்றால், யாரோ ஒருவர் அதைத் தினமும் துணியால் மூடி, அடிக்கடி கழற்றித் துடைத்து வளர்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

அப்படி ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். ஞானி யோகர் சுவாமியின் ஆச்சிரமத்துக்குக் கிட்ட, ஒரு ஒழுங்கைக்குள். ஓய்வுபெற்ற ஆசிரியர். விறாந்தையில் ஒரு மேசை, அதன்மேல் மூடி கழன்ற கசெற் டெக். கசெற்றை உள்ளே போடுமுன் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தார். பஞ்சு மண்ணிறமாக வந்தது. வேறு பஞ்சு எடுத்தார். மூன்றாவது பஞ்சு வெள்ளையாக வந்த பிறகே கசெற் உள்ளே போனது.

பாட்டு மந்தமாகக் கேட்டது, குரலுக்கு மேல் போர்வை போர்த்தினாற்போல. “வேற பெட்டியில பதிஞ்சது, தம்பி. அதுதான் இப்பிடி. பொறும்” என்றவர், நகைக்கடைத் திருப்புளி ஒன்றை எடுத்து, ஹெட்டின் பக்கத்திலிருக்கும் சின்ன ஆணியை மயிரளவு திருப்பினார். பதிந்த பெட்டியின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, கேட்கும் பெட்டியின் ஹெட்டும் அதே சாய்வுக்கு வரவேண்டும். கால் சுற்றுகூடத் திருப்பியிருக்க மாட்டார். போர்வை விலகியது. தபேலாவின் விரல் நுனி கேட்டது. பாடகி மூச்செடுப்பது கேட்டது. லட்ச ரூபாய்ப் பெட்டி வாங்கியும் பலருக்குக் கிடைக்காத தெளிவு அந்த ஒரு ஆணியில் இருந்தது.

அவருடைய ஸ்பீக்கர்கள் மண்பானைகளின் வாயில் பொருத்தப்பட்டிருந்தன. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் ஊருக்கு ஊர் தெரிந்த உத்தி இது. ஆனால் ஏன் வேலை செய்கிறது என்று பலர் யோசிப்பதில்லை. ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. முன்புறம் எழும் அலையும் பின்புறம் எழும் அலையும் ஒன்றுக்கொன்று எதிர். திறந்த வெளியில் அவை சுற்றிவந்து சந்தித்தால் அடித்தாளம் அழிந்துபோகும். பானை பின்னலையைத் தனக்குள் பூட்டிவைக்கிறது. கூடவே உள்ளிருக்கும் காற்றும் ஒரு குறிப்பிட்ட சுருதியில் அதிர்ந்து அடித்தாளத்தைத் தடிப்பிக்கிறது. பெரிய பானையானால் சுருதி இறங்கும். பானையின் உருண்டையில் மூலையே இல்லாததால் மரப்பெட்டிக்குள் வரும் சில எதிரொலிகள் இங்கே குறைவு. ஆசிரியர் பானைக்குள் பழைய பருத்தித் துணியைத் திணித்திருந்தார். “வெறும் பானை எண்டால் எல்லாப் பாட்டும் ஒரே ‘தொம்’ எண்டுதான் கேக்கும். துணி போட்டால்தான் மிருதங்கமும் தவிலும் வேற வேறயாக் கேக்கும்” என்றார். ஒலியியல் ஆய்வகத்தில் பஞ்சைத் திணித்துச் செய்வதும் இதையேதான்.

பிறகு அவர் ஒரு பிஸ்கற் ரின்னைத் திறந்தார். உள்ளே கசெற்றுகள். பெரும்பாலானவற்றின் அட்டையில் நீல மையில், சாய்வில்லாத பள்ளிக்கூட எழுத்தில், பாட்டு, படம், பாடியவர். பிழைதிருத்தங்கள் சிவப்பில். ஒரு கசெற்றில் ‘ஏ பக்கம்: பழைய பாடல்கள்’ என்று மட்டும் இருந்தது. மறுபக்கத்துக்கு எதுவும் எழுதவில்லை. அந்த மறுபக்கத்தைப் போட்டார். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு கோழி ஒன்று கொக்கரிக்கும் சத்தம், யாரோ படலையைத் திறக்கும் சத்தம், அதன் மேலே ஒரு வயோதிபப் பெண்ணின் குரல் யோகர் சுவாமியின் நற்சிந்தனைப் பாடல் ஒன்றைப் பாடத் தொடங்கியது. அவருடைய தாயார். இலுப்பை மரத்தடியிலும் பிறகு சிறு குடிலிலும் இருந்து கொழும்புத்துறையை உலகறியச் செய்த யோகர் சுவாமி 1964 இல் சமாதியானார். அவரைக் கண்டு, அவர் முன்னால் பாடிய தலைமுறையின் பாடும் முறை இது. எந்த இசைத்தட்டிலும் அது இல்லை.

அந்தக் கசெற்றைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. சினிமாப் பாட்டுக்காக யாரும் பழைய கசெற்றைப் பாதுகாக்க வேண்டியதில்லை. அந்தப் பாட்டுகள் அதைவிட நல்ல தரத்தில் எங்கும் கிடைக்கின்றன. பாட்டுக்கு முன்னும் பின்னும் இடையிலும் தற்செயலாகப் பதிந்தவை இருக்கின்றனவே, அவைதான் வேறெங்கும் கிடைக்காதவை. வானொலியிலிருந்து பதிந்த பாட்டின் தொடக்கத்தில் கே. எஸ். ராஜாவின் அறிவிப்பு இருக்கலாம். ‘பாட்டுக்குப் பாட்டு’ வானொலிப் போட்டியின் ஒரு சுற்று இருக்கலாம். ஊர்க் கோயில் திருவிழாவின் மேளச்சமா இருக்கலாம்.

மேளச்சமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒலிப்பதிவுப் பித்து உச்சிக்கு ஏறியது கோயில் வீதியில்தான். திருவிழாக்களில் நாலைந்து கூட்டு மேளத்தைச் சேர்த்துவிட்டு, விடியவிடியச் சமா வைப்பார்கள். ரசிகர்கள் றெக்கோடரை மடியில் வைத்துக்கொண்டு தவிலுக்குக் கிட்டப் போய்க் குந்திக்கொள்வார்கள். மைக்கை எங்கே பிடிப்பது என்பதில் அனுபவசாலிகளுக்குள் கட்சிகள் இருந்தன. தவிலின் வலந்தலைக்கு நேரே பிடித்தால் நாதஸ்வரம் பின்னே போய்விடும். நாதஸ்வர அணைசுக்கு நேரே பிடித்தால் கசெற்றே கிழிந்ததுபோலக் கேட்கும். இரண்டுக்கும் நடுவே, கொஞ்சம் உயரத்தில் என்பதே பெரும்பாலோர் கண்ட முடிவு.

இப்படிப் பதிந்தவர்களுக்குத் தமிழ் இசை கடன்பட்டிருக்கிறது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1933 இல் பிறந்தார், 1975 இல் மறைந்தார். தமிழ்நாட்டு வித்துவான்களும் வியந்த தவில் அவருடையது. அவர் வாழ்ந்த காலத்தில் ஒலிப்பதிவுக் கூடம் என்பது எங்கள் கலைஞர்களுக்குப் பெரும்பாலும் எட்டாத ஒன்று. 2015 ஆம் ஆண்டுக்கான இந்தியத் தேசிய விருது பெற்ற அம்ஷன் குமாரின் ஆவணப்படத்தில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்களின் கண்களைப் பார்த்தாலே, நேரில் கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று தெரியும். அந்தத் தூரத்தைக் கொஞ்சமாவது குறைப்பவை யாராவது மடியில் வைத்துப் பதிந்த நாடாக்களே. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் அப்படித்தான் எத்தனையோ வீடுகளின் அலுமாரிக்குள் இருக்கிறது.

இருந்தவற்றில் பெரும்பகுதி போய்விட்டது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்குப் போரால் இடம்பெயர்ந்து நடந்தபோது கையில் எடுத்தது அரிசியும் பிள்ளைகளும்தான். அடுத்த வருடம் திரும்பியவர்களில் பலர் கண்டது கூரையில்லாத வீடுகளை. மிஞ்சிய கசெற்றுகளைக் காலம் தின்கிறது. நாடாவில் காந்தத் துகளை ஒட்டிவைத்திருக்கும் பசை ஈரத்தில் இளகுகிறது. டெக்குகளின் இறப்பர் பெல்ற் தாராக உருகி ஒட்டுகிறது. அதை மாற்றித்தரத் தெரிந்த கைகளும் குறைந்துவருகின்றன.

ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகள் இப்போது இசைத்தட்டுச் சாதனம் வாங்குகிறார்கள், பழைய எல்.பி. தேடுகிறார்கள், எந்த ஊசி நல்லது என்று மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். சந்தோஷம். அந்தக் கையும் காதும் பணமும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது என் ஆசை. விடுமுறைக்கு வரும்போது நல்ல நிலையில் உள்ள கசெற் டெக் ஒன்றையும் இரண்டு உபரி பெல்ற்றையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தால், ஒரு ஒழுங்கையின் ஒலி முழுவதையும் மீட்டுவிடலாம்.

வேலை கடினமில்லை, பொறுமை வேண்டும். கசெற்றில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது, அது ஹெட்டிலும் அடுத்த கசெற்றிலும் பரவும். தனியே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் ஒருமுறை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சுற்றிவிட வேண்டும், இறுகிக் கிடந்த நாடா தளரும். ஹெட்டைத் துடைத்து, ஆணியைத் திருப்பி, ஒலி தெளிந்த பிறகு கணினியில் 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் அளவில் சுருக்காத கோப்பாகப் பதிய வேண்டும். இரைச்சலை நீக்கும் மென்பொருளை மூலப்பதிவில் கைவைக்க விடாதீர்கள். இரைச்சலோடு சேர்த்துப் படலைச் சத்தத்தையும் அது துடைத்துவிடும். அட்டையைப் படம் எடுங்கள். யார் குரல், எந்தக் கோயில், எந்த வருடம் என்று தெரிந்தவர்களை, அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். குரலுக்குரியவர் யாரென்று தெரியாத பதிவு பாதி இழந்த பதிவு. ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி வேறு ஊரில். 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் எண்ணிம வடிவில் சேர்த்துவருகிறது; மூன்றாவது பிரதிக்கு அதுவே இடம்.

உங்கள் வீட்டு அலுமாரியிலோ பரணிலோ ஒரு பெட்டி கசெற் கிடந்தால், அட்டையில் படப்பாட்டு என்று எழுதியிருப்பதைப் பார்த்து எறிந்துவிடாதீர்கள். இரண்டு பக்கத்தையும் கடைசிவரை ஓடவிட்டுக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.